ஆற்றுக்கு அப்பாலுள்ள வட்டாரத்துக்காக நான் விளையாடிய நாள்

பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. நான் அங்கே ஒரு தரமும் போனதில்லை. ஆனால் அதைப் பற்றி யாராவது கேட்டால் மூச்சு விடாமல் கதைப்பேன். கேட்காவிட்டாலும் கதைப்பேன் என்பது என் மனுசனின் முறைப்பாடு.

முன்னால் கடல், பின்னால் மலை, இடையில் எங்கு பார்த்தாலும் தென்னை. மலையிலிருந்து இறங்குகிற ஆறு ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கத்தில் தேவாலயம், நகரசபை, சந்தை, பெரிய பள்ளிக்கூடம், பொலிஸ், மருந்துக்கடை எல்லாம் இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் தென்னையும் மனுசரும் மட்டும். சந்தை வியாழக்கிழமை கூடும். நகரசபைத் தலைவர் பதவி அப்பன், மகன், மருமகள் என்று ஒரே வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். ஊர் நடுவில் ஒரு கூடைப்பந்துத் திடல். அறுவடைக் காலத்தில் அதில் நெல் காயும். கலியாணச் சாப்பாடும் தேர்தல் கூட்டமும் அதிலேதான். மிச்ச நேரமெல்லாம் பந்து விளையாட்டு. சோறில்லாமல் இருந்தாலும் அந்தச் சனம் கூடைப்பந்து இல்லாமல் இராது.

இதெல்லாம் எனக்கு ஆத்தே சொன்னது. ஆத்தே என்றால் அவர்களுடைய பாஷையில் அக்கா. கிழக்கு லண்டனில் ஓர் ஆசுபத்திரியின் முதியோர் வார்டில் அவர் நேர்ஸ், நான் உதவியாள். பல வருடமாக ஒரே வார்டு, ஒரே தேநீர் நேரம். சண்டைக் காலத்தில் பூநகரிக்கும் எங்கள் தீவுக்கும் இடையில் நான் பட்ட பாட்டைச் சொல்லுவேன், அவர் தன் ஊரைச் சொல்லுவார். நாங்கள் கதைப்பது இங்கிலீசில்தான். ஆனால் என் தலைக்குள் ஆத்தேயும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். ஆகவே இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். யாருக்காவது குறை என்றால் அவர்கள் போய் அவருடைய பாஷையைப் படித்துக்கொண்டு வரட்டும்.

அந்த ஊர் பல துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. எங்கள் தீவுப்பக்கத்தில் வட்டாரம் என்று சொல்லுகிறோமே, அதே மாதிரி. ஆத்தேயின் வட்டாரம் ஆற்றுக்கு அப்பால். பாலம் கிடையாது. வெயில் காலத்தில் முழங்காலளவு தண்ணீரில் நடந்து வரலாம். மழை தொடங்கினால் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சட்டையைப் பைக்குள் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு மூங்கில் தெப்பத்தில் வருவார்கள். ஆறு பெருகினால் அதுவும் இல்லை. ஆறாம் வகுப்புச் சோதனை அன்று ஆறு பெருகியதால் ஆத்தே ஆறாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவர். இப்போது அவருடைய தங்கையின் பேரப்பிள்ளைகள் அதே ஆற்றங்கரையில் நின்று தண்ணீர் வடியுமா என்று பார்க்கிறார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் ஆத்தேக்குச் சிரிப்பு வராது.

லண்டனில் எங்கள் ஆட்களுக்கு ஊருக்கு ஒரு சங்கம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு சங்கம், அதற்குள் சண்டை பிடித்துப் பிரிந்தவர்களுக்கு இன்னொரு சங்கம். ஆத்தேயின் ஊராட்களும் அப்படித்தான். ஒவ்வொரு கோடையிலும் ஊர்ப் புனிதரின் திருநாளைத் தெற்கு லண்டனில், சட்டனில் உள்ள ஒரு விளையாட்டு மண்டபத்தில் கொண்டாடுவார்கள். பூசை, பன்றி இறைச்சி, ஆட்டம், பாட்டு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்களின் கூடைப்பந்துப் போட்டி, வட்டாரத்துக்கு ஓர் அணி. வெல்லுகிற வட்டாரம் எதைக் கேட்கிறதோ அந்த வேலையைத்தான் சங்கம் அடுத்த வருடம் ஊரில் செய்து கொடுக்கும். கூட்டம் வைத்துப் பேசினால் விடிய விடியச் சண்டை வருமாம். பந்து விளையாடினால் ஒரு மணித்தியாலத்தில் தீர்ந்துவிடுமாம். எங்கள் சங்கங்களுக்கும் இதைச் சொல்லிப் பார்க்கலாம், ஆனால் எங்கள் செயலாளர்மாருக்கு ஓட ஏலாது.

இதுவரை வென்றதெல்லாம் சந்தைப்பக்க வட்டாரமும் கடற்கரை வட்டாரமும்தான். தேவாலயத்துக்குக் கூரை வந்தது. திடலுக்குக் கூரை வந்தது. நகரசபைக்கு மணிக்கூடு வந்தது, அது ஓடுவதில்லை. ஆற்றுக்கு அப்பாலிருந்து லண்டனுக்கு வந்தவர்கள் கைவிரலில் எண்ணக்கூடிய சனம். அவர்களால் ஓர் அணி போடவே முடிந்ததில்லை.

அந்த வருடம் ஆத்தே ஓய்வு பெறுகிறார். செப்டம்பரில் ஊருக்கே திரும்பிப் போகிறார். ஒருநாள் தேநீர் நேரத்தில் நான் வெறும் பிஸ்கட் பையைச் சுருட்டி, இருந்த இடத்திலிருந்தே மூலையில் கிடந்த குப்பைத்தொட்டிக்குள் எறிந்தேன். அது என் பழக்கம், தவறுவதே இல்லை. ஆத்தே தொட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ பள்ளிக்கூடத்திலை பந்து விளையாடினனீ எண்டு சொன்னனியெல்லே?"

"ஓம். வலைப்பந்து, நெட்போல். யாழ்ப்பாணத்திலை எங்கட பள்ளிக்கூட அணிக்கு நான்தான் கோல் போடுறது. சும்மா ஆளெண்டு நினைச்சியளோ?"

"எனக்கு நாலு பேர் இருக்கினம். என்ர மகளும் மூண்டு மருமக்களும். அஞ்சாவது ஆள் இல்லை. வெளியாள் ஒருத்தரைச் சேர்க்க விதி விடுது, அதை நாங்கள் இம்போர்ட் எண்டு சொல்லுவம். நீ வாறியோ?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஐந்தடியைத் தாண்டி இரண்டு அங்குலம், ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது, முழங்காலில் ஒரு நோ. இம்போர்ட்டாம்!

ஆத்தே சிரிக்கவில்லை. "நான் போக முந்தி எங்கட வட்டாரம் ஒருக்கா விளையாடிப் பாக்க வேணும் தங்கச்சி. அந்த ஆத்துக்கு ஒரு தொங்குபாலம் கேக்க வேணும். இந்த முறை விட்டால், நான் வெறுங்கையோடை போய் அந்தக் கரையிலை நிக்க வேணும்."

பிறகு நான் என்ன சொல்லுவது? வாறன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் என் மனுசன் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "உனக்கென்ன விசரே? விழுந்து காலை முறிச்சால் ஆர் பாக்கிறது?"

"நீங்கள்தான். வேற ஆர்?"

"இஞ்சேர், ஆரோ ஒரு ஊர்ச் சனத்தின்ர சண்டைக்கை நீ ஏன் போறாய்?"

"உங்கட ஊர்ச் சங்கத்துக்கு வருசா வருசம் கொத்துரொட்டி போடுறன், அதுக்கு ஆரும் ஏனெண்டு கேட்டவையோ?" என்றேன். மனுசன் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஐந்து பேரும் ஒன்றாகப் பயிற்சி எடுத்ததே இல்லை. ஒருத்திக்குக் காலை ஷிப்ட், ஒருத்திக்குப் பின்னேர ஷிப்ட், ஒருத்திக்கு இரண்டு வேலை. நான் ஈஸ்ட் ஹாமில் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் நின்று தனியாக எறிந்து பார்த்தேன். கை மறக்கவில்லை! தலைக்கு மேலால் உயர்த்தி, விரல் நுனியால் விட்டால் பந்து பலகையில் முட்டாமல் நேரே உள்ளே விழுந்தது. வலைப்பந்தில் பலகையே கிடையாது, கம்பும் வளையமும்தான். அதில் பழகிய கைக்கு இதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன். அங்கேயும் பந்து, இங்கேயும் பந்து. அங்கேயும் வளையம், இங்கேயும் வளையம். இந்த நினைப்புத்தான் என்னை நாறடித்தது.

போட்டி நாள் வந்தது. இண்டைக்கு விரதம், இறைச்சி தொடமாட்டன் என்றபடி என் மனுசனும் கூட வந்தார். சட்டன் மண்டபத்துக்குள் நுழைந்ததும் பொரித்த பன்றித்தோல் வாசமும் புனிதரின் சிலைக்கு வைத்த மல்லிகை வாசமும் கலந்து வந்தது. முதலாவது ஆட்டம் கடற்கரை வட்டாரத்தோடு. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை, ரயில்பாதையில் திருத்த வேலை, ரயில் இல்லை. கடற்கரை அணியில் பாதிப் பேர் மாற்று பஸ்ஸில் எங்கேயோ சிக்கிக்கொண்டார்கள். ஆளில்லாமல் அவர்கள் தோற்றதாக அறிவித்தார்கள். நாங்கள் ஒரு பந்தும் தொடாமல் முடிவுப் போட்டிக்கு வந்துவிட்டோம். ஆத்தே புனிதரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

எதிரில் சந்தைப்பக்கம். அவர்களுடைய இம்போர்ட் போலந்துக்காரப் பெண், கதவு நிலையில் தலை முட்டுகிற உயரம். என்னைக் கண்டதும் சந்தைப்பக்கத்துச் சனம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சங்கத் தலைவி அம்மாவும் சந்தைப்பக்கம்தான். அவர் வாயைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இருங்கோ, காட்டுறன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

காட்டினேன்தான். முதல் பந்து என் கைக்கு வந்ததும் வழக்கம்போல இரண்டு காலையும் ஊன்றி, ஆறுதலாக, அவசரப்படாமல் குறி பார்த்தேன். வலைப்பந்தில் தடுக்கிறவள் மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும். போலந்துக்காரி நேரே வந்து பந்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள். நான் நடுவரிடம் திரும்பிக் கையை விரித்துக் கத்தினேன். "மூண்டடி! மூண்டடி தள்ளி நிக்கச் சொல்லுங்கோ!" நடுவருக்குத் தமிழும் விளங்கவில்லை, என் முறைப்பாடும் விளங்கவில்லை.

அடுத்தது அதைவிட மோசம். வலைப்பந்தில் கோல் போடுகிறவளுக்கு மைதானத்தில் மூன்றில் ஒரு பங்குதான் சொந்தம். கோட்டைத் தாண்டினால் குற்றம். பந்து என் கைக்கு எட்டும் தூரத்தில், நடுப்பக்கமாக உருண்டு போனது. ஒருவரும் கிட்ட இல்லை. குனிந்தால் எடுக்கலாம். நான் எடுக்கவில்லை. இல்லாத ஒரு கோட்டுக்கு முன்னால் கால்விரலைக் குவித்துக்கொண்டு நின்று, "இது என்ர பக்கமில்லை, ஆரும் எடுங்கோ!" என்று கத்துகிறேன். சந்தைப்பக்கம் எடுத்தது. எடுத்துக் கோலும் போட்டது. மண்டபம் குலுங்கியது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்பதும் எனக்கு வரவில்லை. தட்டினால் பந்து ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாதி ஆட்டம் முடிய நாங்கள் ஒன்பது புள்ளி பின்னால்.

எனக்கு முகம் சிவந்து காது சுட்டது. தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி எறியாத குறை. "நான் போறன் ஆத்தே. இது விளையாட்டில்லை, அடிபிடி. வேற ஆரையும் பிடியுங்கோ" என்றேன்.

ஆத்தே வாங்கில் இருக்காமல் தரையில் இருந்தார். வார்டில் யாராவது செத்துப்போனால்கூட வாய் ஓயாத மனுசி, இப்போது விரலால் தரையில் கோடு கீறிக்கொண்டிருந்தார். மகள் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் போத்தலைக் கீழே வைத்தேன்.

ஆத்தே நிமிர்ந்தார். "உங்கட விளையாட்டிலை நீ எங்கை நிப்பாய்?"

"வளையத்துக்குக் கிட்ட. கொஞ்சம் இடப்பக்கமா."

"ஓடுறேல்லையோ?"

"ஏன் ஓட வேணும்? பந்து என்னட்டை வரும். பிடிச்சு, எறிவன்."

"பந்தைத் தட்டுறதும் இல்லை?"

"தட்டினால் குற்றம்."

ஆத்தேயின் கண் மெல்ல விரிந்தது. எழும்பி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வளையத்துக்கு இடப்பக்கத்தில், நிறம் பூசிய பெட்டிக்கு வெளியே என்னை நிறுத்தினார். அந்தப் பெட்டிக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாதாம். வெளியே பொழுதுபடும்வரை நிற்கலாமாம். "இஞ்சை நில். அசையாதை. அவையள் எல்லாரும் உன்னை விசரி எண்டு நினைச்சிட்டினம், இனி ஒருத்தரும் உன்னைப் பாக்க மாட்டினம். பந்தை நாங்கள் கொண்டு வந்து தருவம். நீ உன்ர விளையாட்டை விளையாடு."

அவர் பேய்க்காய், சரியான கெட்டிக்காரி! அப்படியே நடந்தது. பாதிக்குப் பிறகு சந்தைப்பக்கம் என்னை ஒரு தூணாகவே மதித்தது. ஆத்தேயின் மகள் ஓடினாள், தட்டினாள், எல்லாரையும் தன் பின்னால் இழுத்தாள். பிறகு திரும்பிப் பாராமலே எனக்கு எறிந்தாள். பிடித்தேன், உயர்த்தினேன், விட்டேன். பலகையில் படாமல் உள்ளே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதுக்குச் சந்தைப்பக்கத்துச் சனம் தற்செயல் என்றது, நாலாவதுக்கு வாயை மூடிக்கொண்டது. எனக்கு அந்தமாதிரிச் சந்தோசம்! பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இத்தனை வருடமாக இந்த உடம்பை மற்றவர்களைத் தூக்கவும் துடைக்கவும்தான் பாவித்தேன். அது இன்னும் இப்படி ஒரு காரியம் செய்யும் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

பிறகு அவர்களுக்குப் புத்தி வந்தது. போலந்துக்காரியை எனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எனக்கு வளையமே தெரியவில்லை, அவளுடைய அக்குள்தான் தெரிந்தது. ஆனால் அவள் என்னோடு நிற்க நிற்க, ஆத்தேயின் மகளைத் தடுக்க ஆளில்லை. அவள் போட்டாள், மருமகள் ஒருத்தி போட்டாள். கடைசியில் ஒரே ஒரு புள்ளிதான் பின்னால். நேரம் முடியப்போகிறது. பந்து எனக்கு வந்தது. நான் கையை உயர்த்த, போலந்துக்காரி பந்துக்கு அடித்தது என் முழங்கையில் விழுந்தது.

விசில். என் மனுசன் வாங்கில் எழும்பி நின்று, "அடிச்சுப்போட்டாள்! என்ர மனுசிக்கு அடிச்சுப்போட்டாள்!" என்று தமிழில் கூச்சல். பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ் மனுசர் அவரை இழுத்து இருத்தி, ஒரு தட்டில் இறைச்சி கொடுத்துச் சமாதானப்படுத்தினார்கள். விரதக்காரர் அதைத் தின்றும்விட்டார்.

நடுவர் என்னைக் கோட்டில் நிறுத்தினார். இரண்டு எறி தருகிறாராம். மற்ற எல்லாரும் தள்ளி நிற்க வேண்டுமாம். ஒருவரும் என்னைத் தொடக்கூடாதாம். நான் நம்பாமல் சுற்றிப் பார்த்தேன். மெய்தான். போலந்துக்காரியும் கையைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நிற்கிறாள். அட கடவுளே, இதை ஏன் முதலே சொல்லவில்லை? இதுதானே என் விளையாட்டு!

சந்தைப்பக்கம் சட்டியும் மூடியும் எடுத்துத் தட்டத் தொடங்கியது. என்னைக் குழப்பவாம். குண்டு விழவிழச் சோதனை எழுதின ஆளைச் சட்டி தட்டிக் குழப்பப் பார்க்கிறார்கள். முதலாவது எறி உள்ளே. சமன். பந்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒருதரம் ஆத்தேயைப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு புனிதரின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். உங்களுக்காக இல்லாமல் ஆருக்காக ஆத்தே என்று நினைத்தபடி இரண்டாவதை விட்டேன். பந்து வளையத்தின் விளிம்பில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றியது. என் உயிரும் கூடச் சுற்றியது. பிறகு உள்ளே விழுந்தது.

மிஞ்சிய சில விநாடியில் அவர்கள் தூரத்திலிருந்து எறிந்தது பலகையில் பட்டு வெளியே போனது. நீண்ட விசில். அதற்குப் பிறகு யார் என்னைத் தூக்கினார்கள், யார் முத்தம் தந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அழுதேன், சிரித்தேன், முழங்கால் நோகுது என்று கத்தினேன். வென்றோம்! ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்த அந்தக் கையளவு சனம் முதல்தரம் வென்றது!

சங்கத் தலைவி மைக்கை எடுத்து, வழக்கப்படி கேட்டார். "வென்ற வட்டாரம் என்ன வேலையைக் கேக்குது?"

ஆத்தே மைக்கை வாங்கினார். வாரக்கணக்காக எழுதிப் பாடமாக்கிய பேச்சு அவரிடம் இருந்தது, என்னிடம் ஒப்புவித்தும் காட்டினார். ஆனால் வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"பாலம்."

அந்த ஆற்றை அவர்கள் எல்லாருக்கும் தெரியும். சங்கத் தலைவி கைலேஞ்சியை எடுத்தார், இந்த முறை சிரிப்பை மறைக்க அல்ல. "பாலத்துக்கு இந்தக் கரையிலையும் ஒரு கால் வேணுமெல்லே," என்றார். "அந்தக் காலை எங்கட சந்தைப்பக்கம் கட்டித் தரும்." எல்லாருக்கும் முதலில் எழும்பிக் கைதட்டியது என்னை மறித்து நின்ற அந்தப் போலந்துக்காரி. எனக்கு அவளில் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

செப்டம்பரில் ஆத்தே போய்விட்டார். வார்டில் தேநீர் குடிக்க எனக்கு இன்றுவரை மனமில்லை. தூண் ஏறுகிறது, கம்பி வந்துவிட்டது, நகரசபை சாட்டுச் சொல்லுகிறது என்றும், தான் போய் அங்கே இருந்துகொண்டு சத்தம் போட்டதாகவும் ஆத்தேயிடமிருந்து செய்தி வந்தபடி இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் காலமை வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருக்கிறேன், ஆத்தே வீடியோவில் கூப்பிடுகிறார். எனக்குக் காலை என்றால் அங்கே பள்ளிக்கூடம் விடுகிற நேரம்.

அவருடைய முகம் தெரியவில்லை. கம்பியும் பலகையும் ஆடிக்கொண்டிருந்தன. கீழே ஆறு மண்ணிறத்தில் கரைபுரண்டு, முழுத் தென்னை மரம் ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. "ஆத்தே! ஆத்தே, பாலம்!" என்று நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸில் இருந்த அவ்வளவு சனமும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று பக்கத்துச் சீட்டில் இருந்த பெண்ணுக்கும் படத்தைக் காட்டினேன். ஆத்தே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

பள்ளிக்கூடச் சட்டையோடு பிள்ளைகள் கும்பலாகப் பலகையில் தடதடவென்று ஓடி வந்தார்கள். ஒருவரும் ஆற்றைப் பார்க்கவில்லை. நடுப்பாலத்தில் ஒரு சின்னப் பெண் மட்டும் நின்றாள். குனிந்து, அவிழ்ந்துபோன சப்பாத்து நாடாவை ஆறுதலாகக் கட்டினாள். கட்டி முடித்ததும் மற்றவர்களைப் பிடிக்க ஓடிவிட்டாள்.